பரிமாற ஆள் இல்லை. பில்லில் "சர்வீஸ் சார்ஜ்"!

சென்னையில் ஒரு பெரிய ஓட்டல். ஞாயிறுதோறும் காலை டிபனையும் மதிய சாப்பாட்டையும் சேர்த்து "பிரஞ்ச்" என்று போடுகிறார்கள். தலைக்கு 900 ரூபாய். ஒரு குமாஸ்தா மனைவி, 2 பிள்ளைகளுடன் ஆசையோடு போனார்.

இட்லி ஆறிக் கிடந்தது. தோசைக்கு 40 நிமிடம் ஆயிற்று.

"எப்போ தம்பி வரும்?"

"மாஸ்டர் ஒருத்தர்தான் சார்!"

பிள்ளைகள் தர்பூசணி தின்று வயிற்றை நிரப்பினார்கள்.

பில் வந்தது. சாப்பாடு 3,600 ரூபாய். சர்வீஸ் சார்ஜ் 360. அதற்கும் சேர்த்து 5 சதவீத ஜி.எஸ்.டி. மொத்தம் 4,158!

"ஏங்க, நாமதானே எடுத்துப் போட்டுக்கிட்டோம்? இது எதுக்கு?" என்றார் மனைவி.

சட்டம் என்ன?

சர்வீஸ் சார்ஜை ஓட்டல்கள் தாமாகச் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலை 4-ந் தேதி அறிவித்தது. அது செல்லும் என்று 2025 மார்ச்சில் டெல்லி ஐகோர்ட்டு தீர்ப்பு கூறியது. விரும்பினால் கொடுக்கலாம். கட்டாயப்படுத்தினால் 1915-க்கு போன் செய்து புகார் சொல்லலாம்.

குமாஸ்தா இதை எடுத்துச் சொன்னதும் மானேஜர் பேசாமல் வேறு பில் போட்டார். 3,780 ரூபாய்.

மிச்சம் 378. வீடு திரும்பும் வழியில், அந்தக் காசில் நாலு பேரும் சூடாக தோசை சாப்பிட்டார்கள்!