பழவேற்காடு: முகத்துவாரத்தை நம்பிய ஊர்

சென்னைக்கு வடக்கே சுமார் 60 கிலோமீட்டரில், திருவள்ளூர் மாவட்டத்தின் பொன்னேரி வட்டத்தில், பெரிய உப்புநீர் ஏரி ஒன்றின் தென்முனையில் இருக்கிறது பழவேற்காடு. ஒரே ஊர்போலப் பெயர் சொன்னாலும் அது கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம், லைட் ஹவுஸ் குப்பம் எனப் பல குப்பங்கள் சேர்ந்த இடம். பழைய வேல மரக்காடு என்பதே இப்படித் திரிந்தது என்று பெயருக்குப் பொருள் சொல்வார்கள். ஐரோப்பியர் வாயில் அது புலிகாட் ஆயிற்று. ஏரிக்கும் அந்தப் பெயரே நிலைத்துவிட்டது.

ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்தபடியாக இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர்க் காயல் இது. தெற்கு வடக்காக ஏறத்தாழ 60 கிலோமீட்டர் நீளம். அகலம் சில இடங்களில் சில நூறு மீட்டர்தான், சில இடங்களில் 17 கிலோமீட்டரைத் தாண்டும். பரப்பு பருவத்துக்குப் பருவம் மாறும். மழைக்காலத்தில் 450 சதுர கிலோமீட்டர் வரை விரிந்து, கோடையில் சுருங்கிவிடும். பெரும் பகுதி ஆந்திரத்தின் திருப்பதி மாவட்டத்தில் கிடக்கிறது, தமிழ்நாட்டுக்குள் வருவது தெற்கு ஓரம் மட்டுமே. இவ்வளவு பெரிய நீர்ப்பரப்பின் சராசரி ஆழம் ஒரு மீட்டர் அளவில்தான் இருக்கும். பல இடங்களில் மீனவர்கள் இடுப்பளவுத் தண்ணீரில் நடந்தே வலை இழுக்கிறார்கள். படகையும் துடுப்பைவிடக் கழி ஊன்றித் தள்ளுவதே எளிது.

இந்த ஏரி உருவானதற்கு மணலே காரணம். சில ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் கடல்மட்டம் உயர்ந்து இன்றைய நிலைக்கு வந்தபோது, கரையோரம் ஓடும் நீரோட்டம் மணலை வாரி வந்து நீண்ட திட்டுகளாகக் குவித்தது. அந்தத் திட்டுகளுக்கு உட்புறம் சிக்கிய தண்ணீரே ஏரி. அவற்றுள் பெரியது ஸ்ரீஹரிகோட்டா தீவு, ஏரிக்கும் வங்கக் கடலுக்கும் நடுவே சுவர்போல நீண்டு கிடக்கிறது. தெற்கே ஆரணியாறும் மேற்கே காளங்கியும் வடக்கே சுவர்ணமுகியின் கிளையும் நன்னீர் கொண்டுவருகின்றன. கடல்நீர் வருவது முகத்துவாரங்கள் வழியாக. தென்கோடி முகத்துவாரம் பழவேற்காட்டை ஒட்டியிருக்கிறது. ஆங்கிலேயர் காலத்தில் வெட்டிய பக்கிங்காம் கால்வாயும் இதே ஏரியின் ஊடாகத்தான் வடக்கே போகிறது.

இந்த ஊரைப் புரிந்துகொள்ள முகத்துவாரத்திலிருந்து தொடங்குவதே சரி. வடகிழக்குப் பருவமழையில் ஆறுகள் பெருகும்போது வெள்ளம் மணலை அடித்துக்கொண்டு கடலுக்குப் பாயும். வாய் அகலும், ஏரி கிட்டத்தட்ட நன்னீராகிவிடும். மழை ஓய்ந்ததும் கடல் அலை மணலைத் திரும்பத் தள்ளும். கோடை முற்றும்போது வாய் குறுகும், சில ஆண்டுகளில் முழுவதுமாக அடைபடும். அப்போது உள்ளே தேங்கிய நீர் வெயிலில் சுண்டி, கடலைவிட உப்புக் கூடிப்போகும். முகத்துவாரம் ஓர் இடத்திலேயே நிலைத்திருப்பதும் இல்லை, ஆண்டுக்கு ஆண்டு வடக்கும் தெற்குமாக நகரும்.

வெள்ளை இறாலின் வாழ்க்கை இந்தத் திறப்பு அடைப்போடு பிணைந்தது. தாய் இறால் முட்டையிடுவது கடலில். பொரிந்த குஞ்சுகள் ஓதத்தோடு முகத்துவாரம் வழியாக ஏரிக்குள் வந்து, ஆழமற்ற வெதுவெதுப்பான நீரில் சில மாதம் வளர்ந்து, மறுபடி கடலுக்குத் திரும்பும். மடவை, கொடுவா போன்ற மீன்களும் இப்படிக் கடலுக்கும் ஏரிக்கும் போய் வருபவைதான். வாய் அடைபட்டால் குஞ்சு உள்ளே வராது, உள்ளே இருப்பது வெளியே போகாது. வலை வெறுமையாகும்.

ஊரின் எழுதப்பட்ட வரலாறு வணிகத்தில் தொடங்குகிறது. விஜயநகரப் பேரரசின் காலத்தில் இது சோழமண்டலக் கரையின் முக்கியத் துறைகளில் ஒன்று. தமிழ் பேசும் முஸ்லிம் வணிகர்களான மரைக்காயர்கள் இங்கிருந்து தென்கிழக்கு ஆசியாவோடு வாணிபம் செய்தனர். அவர்கள் வழிவந்த குடும்பங்கள் இன்றும் ஊரில் உள்ளன. 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் போர்த்துகீசியர் வந்தனர். இங்குள்ள மகிமை மாதா ஆலயம் 1515இல் அவர்கள் எழுப்பியது என்பது மரபு. பழைய கட்டடம் போய்ப் புதியது வந்துவிட்டது. ஆதிநாராயணப் பெருமாள் கோயில் செம்புரைக்கல்லில் கட்டப்பட்டது. அதில் இராமாயணக் காட்சிகளைச் சிறு சிறு சிற்பங்களாகச் செதுக்கியிருக்கிறார்கள். தமிழகக் கோயில்களில் கருங்கல்லையே பார்த்துப் பழகிய கண்ணுக்கு இந்தச் சிவந்த கல் புதுமையாகத் தெரியும்.

டச்சுக்காரர்களின் காலமே பழவேற்காட்டை உலக வரைபடத்தில் ஏற்றியது. விஜயநகர அரசர் வேங்கடபதி ராயரிடம் 1610இல் அனுமதி பெற்று டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி இங்கே பண்டகசாலை அமைத்தது. சாந்தோமிலிருந்து வந்த போர்த்துகீசியர் 1612இல் அதைத் தாக்கி அழித்தனர். மறுஆண்டே டச்சுக்காரர்கள் கோட்டை ஒன்றை எழுப்பினர். கோட்டையின் தலைவர் வெம்மர் வான் பெர்கெமின் சொந்த மாகாணமான கெல்டர்லாந்தின் நினைவாக அதற்கு கெல்ட்ரியா என்று பெயர். சோழமண்டலக் கரையில் டச்சுக் கம்பெனியின் தலைமையிடமாக அது 1690 வரை இருந்தது, பிறகு தலைமை நாகப்பட்டினத்துக்கு மாறியது.

ஆழமில்லாத இந்தத் துறையில் பெரிய கப்பல்கள் நுழைய முடியாது. அவை கடலில் தள்ளி நங்கூரமிட, சரக்கு சிறு படகுகளில் போய் வந்தது. அவ்வளவு சிரமத்தையும் தாங்கி டச்சுக்காரர்கள் இங்கே தங்கியதற்குக் காரணம் துணி. இந்தோனேசியத் தீவுகளில் சாதிக்காயும் கிராம்பும் விளைவிப்பவர்கள் அந்த நாளில் வெள்ளிக் காசைவிடச் சோழமண்டலத் துணியையே விரும்பி வாங்கினர். எனவே துணி வாங்கிக் கொண்டுபோய்க் கொடுத்து நறுமணப் பொருள் வாங்கி, அதை ஐரோப்பாவில் விற்பதே கம்பெனியின் வணிகம். சுற்றுவட்டார நெசவூர்களில் தறியிட்ட கட்டம் போட்ட துணி இந்தத் துறை வழியாகக் கப்பலேறியது. தமிழ்நாட்டில் இன்றும் விற்கும் பளையகாட் லுங்கியின் பெயர் இந்த ஊரிலிருந்து வந்ததே. மலேசியாவிலும் இந்தோனேசியாவிலும் கட்டம் போட்ட கைலியை இப்போதும் ‘காயின் பெலிகாட்’ என்கிறார்கள். இந்த ஊரின் பெயரைக் கடலுக்கு அப்பாலுள்ளவர்கள் நாள்தோறும் இடுப்பில் கட்டியிருப்பது எண்ணிப் பார்க்கத் தக்கது.

துணி மட்டும் போகவில்லை. கோட்டையில் நாணயச் சாலை இருந்தது, வெடிமருந்து செய்யும் ஆலையும் இருந்தது. கம்பெனியின் மற்ற கோட்டைகளுக்கும் இங்கிருந்து வெடிமருந்து சென்றது. அடிமைகளும் இதே துறையிலிருந்து ஏற்றப்பட்டனர். பஞ்சக் காலங்களில் பிள்ளைகளையும் தங்களையுமே விற்றவர்கள், வங்கக் கரையில் பிடிக்கப்பட்டுக் கொண்டுவரப்பட்டவர்கள் என ஆயிரக்கணக்கானோர் பத்தேவியாவுக்கும் (இன்றைய ஜகார்த்தா) பிற தீவுகளுக்கும் அனுப்பப்பட்டனர். டச்சுப் பெருமையைச் சொல்லும் சுற்றுலாக் குறிப்புகளில் இந்தப் பகுதி பெரும்பாலும் விடுபடுகிறது. விடக்கூடாத பகுதி அது.

ஆங்கிலேயர்களும் பழவேற்காட்டில் கால் ஊன்றப் பார்த்தவர்களே. 1619இல் ஆங்கிலேய, டச்சுக் கம்பெனிகள் இரண்டுக்கும் இடையே ஏற்பட்ட உடன்பாட்டின்படி அவர்கள் இங்கே வணிகத்துக்கு வந்தனர். டச்சுக் கோட்டையின் நிழலில் தழைக்க முடியாமல் சில ஆண்டுகளில் வெளியேறினர். வடக்கே ஆர்மகானில் இடம் பிடித்துப் பார்த்தனர், அதுவும் ஒத்துவரவில்லை. பிறகு தெற்கே வந்து 1639இல் பெற்ற கடற்கரைதான் இன்றைய சென்னை. பழவேற்காட்டில் இடம் கிடைத்திருந்தால் புனித ஜார்ஜ் கோட்டை அங்கே எழுந்திருக்குமா என்ற கேள்விக்கு விடை இல்லை. ஆனால் அந்தத் தோல்வியிலிருந்து வந்த நகரம் பின்னாளில் இந்தத் துறையின் வணிகத்தை முழுவதும் விழுங்கிவிட்டது.

18ஆம் நூற்றாண்டின் இறுதியில் கோட்டை கைமாறி மாறி அலைந்தது. ஆங்கிலேயர் 1781இல் பிடித்தனர், சில ஆண்டுகளில் திருப்பித் தந்தனர், 1795இல் மீண்டும் பிடித்தனர். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கோட்டையை அவர்களே தகர்த்தனர். 1818இல் ஊர் டச்சுக்காரர்களிடம் திரும்பியது. 1824ஆம் ஆண்டு உடன்படிக்கையின்படி 1825இல் நிரந்தரமாக ஆங்கிலேயர் வசமானது. கோட்டை நின்ற இடத்தில் இன்று அகழியும் முட்புதர் மூடிய மேடுமே மிச்சம். டச்சுக் கல்லறைத் தோட்டம் தப்பியிருக்கிறது. இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள அதில் 76 கல்லறைகள் உண்டு. நுழைவாயிலின் இருபுறமும் எலும்புக்கூட்டு உருவங்கள் செதுக்கப்பட்டுள்ளன. உள்ளே டச்சு எழுத்துகளும் குடும்பச் சின்னங்களும் பொறித்த கற்பலகைகள்.

கப்பல்கள் போனபின் ஊருக்கு மிஞ்சியது மீன்பிடி. இங்கே அதற்கென்று ஒரு முறை உண்டு, அதன் பெயர் பாடு. முகத்துவாரத்தை ஒட்டிய பகுதியில்தான் கடலுக்குத் திரும்பும் இறால் கூட்டமாக வரும். கழி நட்டு வலை கட்டுவோருக்கு அந்த இடங்களே பொன். எல்லாரும் ஒரே இடத்துக்கு முந்தினால் சண்டைதான். எனவே கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம் ஆகிய, மீனவச் சமூகமான பட்டினவர்களின் மூன்று ஊர்களும் ஏரியைப் பாடுகளாகப் பிரித்து, யார் எந்த நாளில் எந்தப் பாட்டில் வலை கட்டுவது என்று முறை வைத்துக்கொண்டன. உரிமை தலைக்கட்டுக் கணக்கில் வரும். முறை தவறினால் ஊர்ப் பஞ்சாயத்து தண்டம் விதிக்கும். நல்ல இடம் ஒருவருக்கே போகாமல் சுழன்று வருவதால் பகையும் குறைந்தது, வலைகளின் எண்ணிக்கையும் கட்டுக்குள் இருந்தது. அரசுச் சட்டம் எதுவும் இல்லாமல் ஊர்களே காத்துவந்த இந்த ஏற்பாடு மீன்வள ஆய்வாளர்களின் கவனத்தை நெடுங்காலமாக ஈர்த்திருக்கிறது.

ஆனால் பாட்டுக்குள் எல்லாருக்கும் இடமில்லை. அது பட்டினவர் உரிமை. ஏரியையே நம்பும் தலித் மீனவர்களும் இருளர்களும் அதற்கு வெளியே நிற்கிறார்கள். இருளர் பெண்கள் பலருக்கு வலையும் கிடையாது, படகும் கிடையாது. கழுத்தளவுத் தண்ணீரில் அமர்ந்தபடி நகர்ந்து, சேற்றைக் கையால் தடவி இறால் பிடித்துப் பறியில் போடுவார்கள். மணிக்கணக்கில் உப்புநீரில் ஊறிய கைகளுக்குக் கிடைப்பது அன்றைய சோற்றுக்கான காசு. பாடு முறையைப் புகழ்ந்து எழுதும்போது இந்தக் கைகளையும் சேர்த்தே எழுத வேண்டும். மரைக்காயர் குடும்பப் பெண்கள் வீட்டிலிருந்தே பனை ஓலையில் பெட்டியும் கூடையும் முடைகிறார்கள், அந்தக் கைவேலைக்கு வெளியூர்களிலும் மதிப்புண்டு.

20ஆம் நூற்றாண்டில் ஏரியைச் சுற்றிலும் புதிய எல்லைகள் வந்தன. மாநிலப் பிரிவினை ஏரியை இரண்டாக்கியது. தண்ணீரில் கோடு கிடையாது என்பதால் இரு மாநில மீனவர்களுக்கும் இடையே அவ்வப்போது மோதல் மூளும். ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் ஏவுதளம் எழும்பி, 1971இல் முதல் ராக்கெட் பறந்தது. தீவில் வாழ்ந்த மீனவக் குடியிருப்புகள் வெளியேற்றப்பட்டன, ஏவுதல் நாளன்று சுற்றியுள்ள கடலில் இன்றும் மீன்பிடிக்கத் தடை உண்டு. ஆந்திரப் பகுதி 1976இலும் தமிழ்நாட்டுப் பகுதி 1980இலும் பறவைகள் சரணாலயமாயின. பூநாரைகள் குளிர்காலத்தில் ஆயிரக்கணக்கில் வந்து ஆழமற்ற நீரில் நின்று இரை தேடும். தெற்கே எண்ணூரில் 2001இலும் பின்னர் காட்டுப்பள்ளியிலும் துறைமுகங்கள் வந்தன. கடலுக்குள் நீட்டிய அலைத் தடுப்புச் சுவர்கள் தெற்கிலிருந்து வடக்கே நகரும் மணலைத் தடுக்கும். தடுத்த இடத்துக்கு வடக்கே கரை அரிக்கும். காட்டுப்பள்ளித் துறைமுகத்தை விரிவாக்கும் திட்டத்தைப் பழவேற்காட்டு மீனவர்கள் எதிர்ப்பதற்கு முதன்மைக் காரணம் இந்தக் கணக்குதான்.

2011 டிசம்பர் 25 அன்று முகத்துவாரம் அருகே உல்லாசப் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தனர். அதன்பின் சுற்றுலாப் படகுச் சவாரிக்குத் தடை வந்தது.

முகத்துவாரம் தூர்ந்துபோகும் ஆண்டுகளில் ஊர்க்காரர்கள் தாங்களே பணம் திரட்டி, ஆள் வைத்தும் இயந்திரம் வைத்தும் மணலை வெட்டிக் கடலுக்கு வழி விடுவதுண்டு. வெட்டிய வழி ஒரு புயலிலோ பேரலையிலோ மறுபடி மூடிக்கொள்ளும். வாயின் இருபுறமும் கற்சுவர் கட்டி அதை நிலையாகத் திறந்து வைக்க வேண்டும் என்பது மீனவர்களின் நெடுநாள் கோரிக்கை. மாநில அரசு அதற்கான திட்டத்தை ஏற்றது. சரணாலயப் பகுதி என்பதால் கற்களைக் கொட்டும் முன் வனத்துறை, கடற்கரை ஒழுங்குமுறை அனுமதிகள் தேவைப்பட்டன.