வகுப்பறைக்கு ஒரு பிடி

உலையில் இடுவதற்கு அரிசியை அளந்தெடுக்கும் இல்லத்தரசி, அதிலிருந்து ஒரு பிடியை எடுத்து வேறொரு பாத்திரத்திற் போட்டு வைக்கும் வழக்கம் நம்மவர் வீடுகளில் நெடுங்காலம் இருந்து வந்தது. பிடியரிசி என்பது அதன் பெயர். அந்த ஒரு பிடியினால் அன்றைய சோறு குறைந்து விடுவதில்லை. வீட்டிலுள்ளோர் எவரும் அதனாற் பசித்திருப்பதுமில்லை. ஆயின், பல வீடுகளின் பிடிகள் ஒன்று சேர்ந்தபோது ஓர் அறச்செயல் குறைவின்றி நடந்தேறியது. இதிலே இன்னார் கொடுத்தது எத்தனை மணி என்று எவரும் எண்ணிப் பார்த்ததில்லை.

சிறுதுளி பெருவெள்ளம் என்று நாம் எளிதிற் சொல்லி விடுகிறோம். ஆனால், துளிகள் தாமாகவே வெள்ளமாகி விடுவதில்லை. அவை சென்று சேர்வதற்கு ஒரு வாய்க்கால் வேண்டும். பிடியரிசிக்கு அவ்வாய்க்காலாக அமைந்தது, குறித்த நாளில் வந்து அதனைச் சேர்த்துச் சென்ற ஒருவரும், அவ்வரிசி எங்கே போகிறது என்பதை ஊரார் அறிந்திருந்ததுமேயாம். இவ்விரண்டும் இல்லாதவிடத்து ஈகைக் குணம் எவ்வளவு இருந்தும் பயனில்லை. இத்தகைய வாய்க்கால் ஒன்றை, பாடசாலை வகுப்பறைகளுக்கென வெட்டிக் கொடுத்த ஓர் ஆசிரியரின் முயற்சியை வாசகர்களுக்கு எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

போதாத பிரதிகள்

அமெரிக்க ஐக்கிய நாட்டின் நியூயோர்க் நகரிலே பிறொங்ஸ் என்பது வறியோர் மிகுதியாக வாழும் ஒரு பகுதி. அங்குள்ள பொதுப் பாடசாலை ஒன்றில் சமூகக்கல்வி ஆசிரியராகப் பணியாற்றினார் சார்ள்ஸ் பெஸ்ட் என்னும் இளைஞர். அமெரிக்கச் சமவெளியிற் குடியேறிய ஒரு குடும்பத்தைப் பற்றிய கதை நூலைத் தம் மாணவர் படிக்க வேண்டுமென அவர் விரும்பினார். வகுப்பிலுள்ள அனைவருக்கும் அந்நூலின் பிரதிகள் இல்லை. ஆகவே, விடியுமுன் எழுந்து சென்று, அந்நூலின் பக்கங்களைப் பிரதியெடுத்துக் கொண்டிருந்தார்.

இக்குறை தமக்கு மட்டும் உரியதன்று என்பது, ஆசிரியர்கள் கூடி உணவருந்தும் அறையிலே சக ஆசிரியர்களின் பேச்சிலிருந்து அவருக்கு விளங்கிற்று. ஒவ்வொருவர் மனத்திலும் ஒரு நல்ல பாடத்திட்டம் இருந்தது. அதனை நிறைவேற்றச் சிறிதளவு பொருள்தான் இல்லை. வெளியிலே கொடுக்க மனமுள்ளோர் பலர் இருந்தனர். தம் பணம் எங்கே போய்ச் சேருமோ என்ற ஐயம் அவர்களைத் தடுத்தது. இவ்விரு சாராரையும் நேர்முகமாகச் சந்திக்க வைத்தால் என்ன என்று அவர் எண்ணினார். 2000ஆம் ஆண்டில் 'டோனர்ஸ் சூஸ்' என்னும் இணையத்தளம் பிறந்தது. கொடுப்போர் தாமே தெரிந்தெடுக்கிறார்கள் என்பது அப்பெயரின் கருத்து.

தொடக்கம் மிக எளிமையானது. தம் தாயார் சமைத்த இனிப்புப் பண்டத்தைச் சக ஆசிரியர்களுக்குப் பரிமாறி, அதை உண்டவர் ஒவ்வொருவரும் தமக்கு வேண்டியதை அத்தளத்தில் எழுதியே தீரவேண்டும் என்று அன்புக் கட்டளையிட்டாராம். பதினொரு வேண்டுகோள்கள் வந்தன. கொடுப்பவரோ எவருமில்லை! தம் பெயரை மறைத்துக்கொண்டு அவரே பெரும்பாலானவற்றை நிறைவேற்றி வைத்தார். எங்கோ கொடையாளர் பலர் இருக்கிறார்கள் என்ற நம்பிக்கை ஆசிரியர்களிடையே பரவியது. பின்னர் அவருடைய மாணவர்கள், தங்கள் கையாலேயே முகவரி எழுதி, இரண்டாயிரம் கடிதங்களை முன்பின் அறியாதவர்களுக்கு அனுப்பினார்கள். அக்கடிதங்களின் பயனாகச் சேர்ந்தது ஏறக்குறைய 30,000 டொலர்.

செல்வ நாட்டில் இக்குறை ஏன்?

உலகின் பெருஞ் செல்வ நாட்டில் வகுப்பறைக்குப் பென்சில் இல்லையா என்று நாம் வியப்பது இயல்பே. அந்நாட்டிலே பொதுப் பாடசாலைகளின் வருமானத்திற் கணிசமான ஒரு பங்கு, அவ்வப் பகுதியிலுள்ள வீடு, நிலம் முதலியவற்றின் மீது விதிக்கப்படும் வரியிலிருந்து கிடைக்கிறது. வீட்டின் விலை உயர்ந்த இடத்தில் பாடசாலையும் செழிக்கும். வீட்டின் விலை தாழ்ந்த இடத்தில் பாடசாலையும் வாடும். மாநில அரசுகளின் உதவி இவ்வேற்றுமையை ஓரளவே சமன் செய்கிறது.

மிகுந்த குறையைத் தாங்குபவர் ஆசிரியரே. 2014-15ஆம் கல்வியாண்டைப் பற்றிய அரசாங்க ஆய்வொன்றின்படி, பொதுப் பாடசாலை ஆசிரியருள் நூற்றுக்குத் தொண்ணூற்று நால்வர், திரும்பக் கிடைக்காது என்று தெரிந்தும், தம் சொந்தப் பணத்தை வகுப்பறைக்குச் செலவிட்டிருந்தனர். அவ்வாறு செலவிட்டோர் ஒருவருக்குச் சராசரியாக 479 டொலர் ஆயிற்று. இச்செலவுக்கென வருமான வரியிலே சிறு விலக்கு அளிக்க 2002ஆம் ஆண்டிலிருந்தே சட்டம் இடங்கொடுத்திருக்கிறது. இவ்வழக்கம் எவ்வளவு பரவலானது என்பதை எடுத்துக்காட்ட இச்சலுகை ஒன்றே போதும்.

வாய்க்கால் அமைந்த விதம்

இனி, இத்திட்டம் நடைபெறும் முறையைச் சற்று நிதானமாக நோக்குவோம். அதன் வெற்றியின் இரகசியம் முழுவதும் அம்முறையிலேதான் அடங்கியிருக்கிறது.

முதலாவதாக, வேண்டியது இன்னதென்று சொல்பவர் ஆசிரியர். அதிபரோ, அதிகாரியோ, கொடையாளரோ அல்லர். மூன்றாம் வகுப்பிலே பின்வரிசைப் பிள்ளைக்குக் கரும்பலகை தெரியவில்லை என்பதும், விஞ்ஞான பாடத்துக்கு ஒரு தராசு போதாது என்பதும் அங்கே நாள்தோறும் நிற்பவருக்கே தெரியும். இரண்டாவதாக, பொருளின் விலை ஒவ்வொன்றாகப் பட்டியலிடப்படுகிறது. மூன்றாவதாக, பணம் ஆசிரியர் கையிற் கொடுக்கப்படுவதில்லை. வேண்டிய தொகை முற்றாகச் சேர்ந்ததும் அந்நிறுவனமே பொருட்களை வாங்கிப் பாடசாலைக்கு அனுப்பி விடுகிறது. நான்காவதாக, பொருள் வந்து சேர்ந்தபின் ஆசிரியர் நன்றிக் கடிதம் எழுதுகிறார்; வகுப்பறையில் அப்பொருள் பயன்படும் காட்சியைப் படம்பிடித்து அனுப்புகிறார். மாணவர் தம் கைப்பட எழுதுவதுமுண்டு.

ஒரு டொலர் கொடுத்தவரும் தாம் கொடுத்தது எந்தப் பாடசாலையில் எந்த மேசைமேல் இருக்கிறது என்பதை அறிந்துகொள்கிறார். பெருங்கொடையாளருக்கு மட்டுமே கிடைத்து வந்த இந்த மனநிறைவை, ஒரு தேநீரின் விலையைக் கொடுத்தவருக்கும் கிடைக்கச் செய்ததே இம்முறையின் சிறப்பு. தொடக்கத்தில் நியூயோர்க் நகருக்குள் அடங்கியிருந்த இத்திட்டம், 2007ஆம் ஆண்டில் அந்நாட்டின் பொதுப் பாடசாலைகள் யாவற்றுக்கும் விரிந்தது. இதுவரை இதன்வழிச் சென்ற உதவி 100 கோடி டொலருக்கும் அதிகம்.

முகமறியாத கூட்டத்தார்

கொடுத்தவர்களுள் பலர் ஒருவரையொருவர் கண்டறியாதவர்கள். 2010ஆம் ஆண்டிலே, றெடிற் என்னும் இணையக் கூடத்தில் உரையாடுவோர், ஸ்டீபன் கொல்பெயர் என்ற நகைச்சுவைக் கலைஞர் வாஷிங்டன் நகரில் ஒரு பொதுக்கூட்டம் நடத்த வேண்டுமென்று விரும்பினார்கள். வெறுங்கூச்சல் போடுவதை விடுத்து, அவர் ஆதரித்து வந்த இத்திட்டத்துக்குச் சிறு சிறு தொகைகளை வழங்கித் தம் விருப்பத்தை மெய்ப்பித்தார்கள். அவ்வாறு சேர்ந்த தொகை ஐந்து இலட்சம் டொலரைத் தாண்டிற்று. விளையாட்டாகத் தொடங்கிய காரியம் வகுப்பறைகளில் நூல்களாகவும் கருவிகளாகவும் போய் நின்றது.

2018இல் றிப்பிள் என்னும் வர்த்தக நிறுவனம் 2 கோடி 90 இலட்சம் டொலரை வழங்கி, அப்போது அத்தளத்திற் காத்திருந்த 35,000க்கும் மேற்பட்ட வேண்டுகோள்களை ஒரே நாளில் நிறைவேற்றியது. இது பெருங்கொடையே. ஆயினும் ஒன்றைக் கவனித்தல் வேண்டும். ஆயிரக்கணக்கான ஆசிரியர்கள் தத்தம் தேவையை விலையோடு எழுதி வைத்திராவிட்டால், அப்பெருந்தொகை இவ்வளவு விரைவாக உரிய இடங்களைச் சென்றடைந்திருக்க முடியுமா? துளிகளுக்கென வெட்டிய வாய்க்காலிலே வெள்ளமும் ஓடியது.

எதிர்வாதமும் உண்டு

அரசாங்கம் செய்ய வேண்டியதைப் பொதுமக்கள் செய்து கொடுத்தால் அரசாங்கம் தன் கடமையை மறந்துவிடாதா என்று கேட்போர் அமெரிக்காவிலும் உளர். இது நியாயமான கேள்வி. கூரையும் ஆசிரியர் சம்பளமும் தருமத்தை நம்பி இருத்தலாகாது. அவற்றைக் கேட்டுப் பெறுவது குடிமக்களின் உரிமை. ஆனால், அவ்வுரிமைக்காகக் குரல் எழுப்பும் அதே நேரத்தில், இவ்வாண்டு இரண்டாம் வகுப்பிலிருக்கும் பிள்ளை அடுத்த ஆண்டு மூன்றாம் வகுப்புக்குப் போய்விடுகிறது என்பதை நாம் மறக்கலாகாது. இழந்த ஆண்டை அப்பிள்ளைக்கு எந்தச் சட்டமும் மீட்டுக் கொடுப்பதில்லை.

மற்றுமோர் ஆபத்து இதனினும் நுட்பமானது. உதவி பெறும் பிள்ளையை மேடையேற்றி, கையிற் பொதியைக் கொடுத்து, படம் எடுத்து வெளியிடும்போது, அப்பிள்ளை பெற்றது ஒரு கொப்பி. இழந்தது தன் மதிப்பு. வகுப்பறைக்குக் கொடுப்பதன் மேன்மை இங்கேதான் விளங்குகிறது. வகுப்புக்கு வந்த பூகோள உருண்டையை வசதியுள்ள வீட்டுப் பிள்ளையும் சுழற்றும். வறிய வீட்டுப் பிள்ளையும் சுழற்றும். யார் ஏழை என்று அந்த உருண்டை கேட்பதில்லை.

நாம் செய்யக்கூடியது

நம் நாட்டின் நிலை வேறு. இலவசக் கல்வி இங்கே 1945ஆம் ஆண்டிலிருந்தும், இலவசப் பாடநூல்கள் 1980ஆம் ஆண்டிலிருந்தும் வழங்கப்பட்டு வருகின்றன. எனினும் பாடநூலுக்கு அப்பால் வகுப்பறைக்கு வேண்டியவை பல. 2022ஆம் ஆண்டிலே கடதாசித் தட்டுப்பாட்டினால் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சைகள் பிற்போடப்பட்டதை எவரும் மறந்திருக்க மாட்டார்கள்.

பழைய மாணவர் சங்கங்கள் நம்மிடையே ஏராளம். கடல்கடந்து வாழ்வோரும் தாம் படித்த பாடசாலையை மறந்தாரில்லை. ஆனால், திரட்டிய நிதி பெரும்பாலும் நுழைவாயில் வளைவாகவும், பெயர் பொறித்த கல்லாகவும், விழா மண்டபமாகவும் உருவெடுக்கக் காண்கிறோம். அவையும் வேண்டியவையே. அவற்றை நிமிர்ந்து பார்த்தபடி உள்ளே செல்லும் பிள்ளையின் வகுப்பில் ஓர் அகராதி இருக்கிறதா என்று கேட்பவர்தாம் குறைவு.

பெரிய நிறுவனம் எதுவும் அமைக்க வேண்டியதில்லை. ஒரு வகுப்பாசிரியர், அதிபரின் சம்மதத்தோடு, தம் வகுப்புக்கு வேண்டிய ஐந்து பொருட்களைக் கடை விலையோடு ஒரு தாளில் எழுதட்டும். அத்தாள் பழைய மாணவரின் வாட்ஸ்அப் குழுவிலோ, குடும்பத்தாரின் குழுவிலோ போடப்படட்டும். ஒருவர் நூறு ரூபாய் கொடுக்கட்டும். மற்றொருவர் ஐந்நூறு கொடுக்கட்டும். தொகை நிறைந்ததும், பொறுப்பேற்ற ஒருவர் பொருளை வாங்கி, பற்றுச்சீட்டோடு பாடசாலையில் ஒப்படைக்கட்டும். அது பாடசாலையின் பொருட்பதிவேட்டிலே எழுதப்படட்டும். பின்னர் ஆசிரியர் நான்கு வரி எழுதி அனுப்பினாற் போதும். படம் வேண்டுமாயின் பொருளைப் படம் எடுக்கலாம்; பிள்ளையின் முகம் வேண்டியதில்லை.

கேட்பதற்கு ஆசிரியர் கூசுவர் என்பது உண்மை. தமக்கெனக் கேட்பதே இரத்தல். வகுப்புக்கெனக் கேட்பது கடமையின் ஒரு பகுதி. கொடுப்பவரும் தாம் கொடுப்பது சிறிது என்று நாண வேண்டியதில்லை. ஒரு வீட்டின் பிடி சிறிதென்று தோன்றலாம். நாற்பது வீடுகளின் பிடி ஒரு வகுப்பறையை நிறைத்துவிடும். உங்கள் பிள்ளையின் வகுப்பாசிரியரை அடுத்த முறை காணும்போது, பிள்ளையின் புள்ளிகளை விசாரித்த பின்னர், இன்னும் ஒரு கேள்வியையும் கேளுங்கள்: "வகுப்புக்கு என்ன வேண்டும்?"