மனமும் மனிதரும் – 12: கேடயத்துக்குப் பின்னால்

“ரசத்துல உப்பு கொஞ்சம் தூக்கல்” என்கிறோம். “காலையிலேருந்து ஒத்த ஆளா அடுப்படியில நிக்கிறேனே, அது யார் கண்ணுக்குத் தெரியுது?” என்று பதில் வருகிறது. சொன்னது ஒரு சிட்டிகை உப்பை. காதில் விழுந்ததோ, ‘நீ சரியில்லை’ என்று. சென்ற வாரம் பழி போடும் மனத்தைப் பார்த்தோம். பழி வந்து விழும் முன்பே கேடயம் தூக்கும் மனம் இந்த வாரம்.

வீம்பு, திமிர் என்று இதற்குப் பெயர் வைத்துவிடுகிறோம். எனக்கு அது பயமாகத்தான் தெரிகிறது.

அந்தப் பயத்தைக் காட்ட ஒரு பழைய கதை. வியன்னா பொது மருத்துவமனையில் அன்று பிரசவப் பிரிவுகள் இரண்டு இருந்தன. ஒன்றில் மருத்துவர்களும் மாணவர்களும், மற்றதில் மருத்துவச்சிகள். மருத்துவர்கள் இருந்த பிரிவில்தான் பிள்ளை பெற்ற தாய்மார் காய்ச்சல் கண்டு அதிகம் செத்தார்கள். 1847 ஏப்ரலில் மட்டும் நூற்றுக்குப் பதினெட்டுப் பேர். பிணங்களை அறுத்துப் பார்த்த கையோடு மருத்துவர்கள் பிரசவம் பார்க்க வருவதுதான் காரணம் என்று கண்டுகொண்டார் அங்கே பணியாற்றிய மருத்துவர் இக்னாஸ் செம்மல்வைஸ். மே மாதத்திலிருந்து குளோரின் கரைசலில் கை கழுவச் சொன்னார். ஜூலையில் சாவு நூற்றுக்கு ஒன்றாகக் குறைந்தது.

இருந்தும் பெரிய மருத்துவர்கள் பலர் ஏற்கவில்லை. அவருடைய விளக்கத்தில் ஓட்டைகள் இருந்தது உண்மைதான். கிருமிக் கொள்கை அப்போது வேரூன்றவில்லை. ஆனால் அவர்கள் நிலையில் நின்று பாருங்கள். ‘கை கழுவுகிறேன்’ என்று ஒப்புக்கொண்டால், ‘இத்தனை நாள் என் கையால்தான் செத்தார்களா?’ என்ற கேள்வி கூடவே வரும். அதைத் தாங்க எத்தனை பேரால் முடியும்?

ஒருவர் கேடயம் தூக்கவில்லை. கீல் நகரப் பேராசிரியர் குஸ்தாவ் மிகாயலிஸ். கை கழுவும் முறையை உடனே ஏற்றார். தான் பிரசவம் பார்த்த பின் இறந்துபோன உறவுக்காரப் பெண்ணின் நினைவு அவரை வாட்டியது. 1848இல் தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டார். தற்காப்பை ஏளனமாகப் பேச வாயெடுக்கும்போதெல்லாம் எனக்கு இவர் நினைவு வந்துவிடும். அருகில் உட்கார்ந்து, “தெரியாமல் நடந்தது, இனி எத்தனை பேரைக் காப்பாற்றப் போகிறீர்கள்” என்று சொல்ல யாராவது இருந்திருக்கலாம்.

பிற்காலத்தில் செம்மல்வைஸ் தன்னை மறுத்தவர்களைக் கொலைகாரர்கள் என்றே பகிரங்கக் கடிதங்களில் எழுதினார். அவர் கோபத்தில் நியாயம் உண்டு. ஆனால் ‘கொலைகாரா’ என்று கூப்பிட்ட பிறகு யார் கேடயத்தைக் கீழே வைப்பார்?

போன மாதம் என் மகள், “நான் பேசறத நீங்க கேக்கவே இல்லப்பா” என்றாள். அவள் முடிக்கும் முன்பே “ஆபீஸ் மெசேஜ்மா” என்றேன். ஆபீஸ் மெசேஜ் எதுவும் இல்லை. மறுநாள் இரவு அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

“நேத்து நான் கேக்கலதான்.”

“என்ன சொன்னேன்னு தெரியுமா?”

“தெரியல. மறுபடி சொல்றியா?”

முதலிலிருந்து சொன்னாள்.

(தொடரும்)