தேவதைக் கதையுள் துப்பறிதல்

தேவதைக் கதையில் தீயோர் யாவர் என்பது தொடக்கத்திலேயே விளங்கிவிடும். துப்பறி கதையோ அதனை இறுதிவரை மறைத்தலால் உயிர்பெறுவது. இவ்விரண்டும் ஒரு நூலுள் இயைதல் எங்ஙனம்?

பழங்கதைகளில் துப்பறிதலே இல்லை என்றல் பொருந்தாது. கிரிம் உடன்பிறந்தார் தொகுத்த ‘கள்வ மணமகன்’ கதையில், ஒளிந்திருந்து கொலையைக் கண்ட மணப்பெண், அதனைக் கனவுபோற் கூறி, வெட்டுண்ட விரலை மோதிரத்தோடு எடுத்துக் காட்டுகின்றாள். சான்று உண்டு, ஆயினும் கொலைஞனைப் படிப்போர் முன்னரே அறிவர்.

அமெரிக்க எழுத்தாளர் மைக்கேல் பக்லி 2005 முதல் 2012 வரை ஒன்பது நூல்களாக எழுதிய ‘கிரிம் சகோதரிகள்’ என்னும் சிறுவர் வரிசையைப் பழங்கதையின் நகல் என ஒதுக்குவார் உளர். அது தகாது. கிரிம் வழித்தோன்றல்களாகிய சப்ரினா, டாப்னி என்னும் சிறுமியர் வந்துசேரும் ஊரில் தேவதைக் கதை மாந்தரே குடிமக்கள். முதல் நூலில் ஓர் உழவனின் வீடு அரக்கன் காலடியில் நசுங்கிக் கிடக்கின்றது. நகரத்தலைவனாகிய இளவரசன்மேல் ஐயம் செல்கின்றது. அவரைக்கொடியேறி அரக்கரை வென்ற ஜாக்கையோ சிறுமியர் துணையாகக் கொள்கின்றனர். இழந்த புகழை மீட்க விழைந்து அரக்கனை வரவழைத்தவன் அந்த ஜாக்கே!

ஈண்டு உண்மையை மறைப்பது ஆசிரியரினும் படிப்போர் நெஞ்சிலுள்ள பழங்கதையே. ஜாக்கின் கதையை அறியாத குழந்தை அத்துணை ஏமாறாது என்க. எனினும் இந்நயம் வரிசை முழுதும் நிலைக்கவில்லை. ஏழாம் நூல் முதலாகப் போர் பெருகத் துப்பறிதல் மெலிகின்றது.