கோய்க் குஞ்சின் லட்சணம்

ஜப்பானின் நீகாத்தா மாகாணத்தில், குளிர்காலத்தில் ஆளுயரத்துக்கு மேல் பனி மூடிக்கிடக்கும் யாமகோஷி என்னும் மலைப்பிரதேசத்தில், உணவுக்காகக் கெண்டை வளர்த்துவந்த குடியானவர்கள், பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில், தற்செயலாகச் செந்நிறம் கொண்டு பிறந்த சிலவற்றைத் தனியே பிரித்து இனம் பெருக்கியதன் பயனாகவே, 1914-ஆம் ஆண்டு டோக்கியோப் பொருட்காட்சியில் நாடறியப் புகழ்பெற்ற கோய் என்னும் வர்ண மீன் உண்டாயிற்று. பெரிய பண்ணைகள் பல தோன்றிவிட்ட இக்காலத்திலும், நெல் சாகுபடிக்கிடையே சில குளங்களை வைத்துக்கொண்டு ஆசையினால் கோய் வளர்க்கும் சிறு குடும்பங்கள் அங்கே உண்டு. அத்தகையோரிடம் இளங்குஞ்சு வாங்கச் செல்பவர் முதலில் உணரவேண்டியது, தாம் விலை கொடுப்பது இன்னும் முழுமையாக உருவாகாத ஒரு மீனுக்கு என்பதே.

ஒரு தாய் மீன் லட்சக்கணக்கில் முட்டையிடும். பொரித்த குஞ்சுகளுள் உருக்கேடும் வர்ணக்குறையும் உள்ளவற்றை முதற்கோடையிலேயே பலமுறை கழித்து, சொற்பமானவற்றையே வளர்ப்பவர் நிறுத்திக்கொள்கிறார். அங்ஙனம் எஞ்சியவையும் பிற்காலத்தில் என்னவாகும் என்பது நிச்சயமில்லையாதலால், பெற்றோரைப் பார்ப்பது உத்தமம். சிறு வளர்ப்பாளரிடம் உள்ள பெரிய சௌகரியமும் இதுவே: தாயின் முந்திய சந்ததி எப்படி வளர்ந்தது, சிவப்பு நிலைத்ததா, கறுப்பு எப்பொழுது தெளிந்தது என்பவற்றை அவர் கண்கூடாகக் கண்டவர். எந்தக் குஞ்சைத் தமக்கென வைத்துக்கொண்டார், இதை ஏன் விற்கிறார் என்று அவரைக் கேட்பது மரியாதைக் குறைவாகாது.

கோயை மேலிருந்தே பார்த்து ரசிப்பது வழக்கமாகையால், குஞ்சை அகன்ற தொட்டியில் விடச்செய்து மேலிருந்து நோக்கவேண்டும். முதுகெலும்பு நேராகவும், இருபுறமும் சமமாகவும், தோள் அகன்றும், வாலின் அடி பருத்தும் இருக்கவேண்டும். வாய் கோணாமல், மீசை நான்கும் குறைவின்றி, செவுள்மூடி சுருளாமல் இருக்கவேண்டும். துடுப்பை ஒடுக்கிக்கொண்டு தனித்து ஒதுங்கும் மீனை எவ்வளவு அழகாயினும் விட்டுவிடுவதே விவேகம். வர்ணம் மாறக்கூடும், கோணிய எலும்பு ஒருநாளும் நேராகாது.

அடுத்தது வர்ணத்தின் தரம். கோஹாக்கு வகையில் வெள்ளை மாசற்றும், சிவப்பு எங்கும் ஒரே ஆழத்திலும் அமைந்து, பின்விளிம்பு கூர்மையாக முடியவேண்டும். முன்விளிம்பில் வெண்செதில் சிவப்பின் மேல் படிவதால் தோன்றும் மங்கல் இளமையில் இயல்பே. உடல் நீளும்போது திட்டுக்களும் விரிந்து அகலுமாதலால், சின்னஞ்சிறு மீனில் அளவாகத் தோன்றும் சித்திரம் பின்னர் வெறிச்சோடக்கூடும். சிவப்பு வெள்ளையோடு கறுப்பும் கலந்த ஷோவா வகையிலோ, தோலின் அடியில் நீலச்சாம்பலாகப் பதுங்கியிருக்கும் கறுப்பு ஆண்டுகள் கழித்தே மேலெழும்பக்கூடுமாகையால், அதனைக் குறையென்று தள்ளலாகாது.

உருவும் வர்ணமும் தேறினாலும் நோயை மறக்கலாகாது. 1990-களின் பிற்பகுதியில் அறியப்பட்ட கோய் ஹெர்ப்பிஸ் என்னும் வைரஸ் நோய்க்குச் சிகிச்சையில்லை. ஏறத்தாழ 16 முதல் 28 டிகிரி வரை வெப்பமுள்ள நீரில் அது தலைகாட்டும். ஆகவே புதுமீனைச் சில வாரங்கள் தனித்தொட்டியில் அத்தகைய நீரில் வைத்துக் கவனித்த பின்னரே பழைய மீன்களோடு சேர்க்கவேண்டும்.

இன்றே கண்ணைப் பறிக்கும் குஞ்சுக்கும், சோபை குன்றியதெனினும் பெருந்தாய்க்குப் பிறந்த திடகாத்திரமான குஞ்சுக்கும் இடையே மனம் ஊசலாடினால், ஆழமும் விஸ்தாரமும் உள்ள குளமும் பொறுமையும் உடையவர் பின்னதை எடுக்கலாம். அவ்விரண்டும் இல்லாதவர் முன்னதை வாங்கி இப்பொழுதே அனுபவிப்பதில் நஷ்டமொன்றுமில்லை.