படகுப் போட்டிக்கு எந்தப் பக்கம்?

"அண்ணாச்சி, சாரல் விழாவுல அஞ்சருவி படகுக் குழாம்ல போட்டி வச்சிருக்காவ. ஆபீஸ்ல ஆறு வரி கேக்காவ. 'சுற்றுலாப் பயணிகள் கண்டு ரசித்தனர்'னு முடிச்சிர வேண்டியதுதான். வேற என்னத்த எழுத?"

தென்காசியில் செய்தி சேகரிக்கும் தம்பி ஒருவர் டீக்கடையில் கேட்டார். நியாயமான கேள்விதான். குற்றாலத்தில் நடக்கும் படகுப் போட்டி, கோலப் போட்டிக்கும் கொழுகொழு குழந்தைப் போட்டிக்கும் நடுவே வரும் ஒரு விழா நிகழ்ச்சி. அதை விழாவாக எழுதுவதில் தப்பே இல்லை. ஆனால் மாதக்கணக்கில் பயிற்சி எடுத்து, உயிரைக் கொடுத்துத் துடுப்புப் போடும் பெரிய பந்தயங்களைப் பற்றியும் பத்திரிகைகளும் தொலைக்காட்சிகளும் பெரும்பாலும் இதே மாதிரிதான் சொல்கின்றன. சீனத்து டிராகன் படகுக்கும் அதே கதி, நம் மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில் ஓடும் சுண்டன் வள்ளம் என்ற நீளப் படகுக்கும் அதே கதி. ஏன் என்று அவருக்குச் சொன்னதைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். ஒரு டீயில் முடியாது, இன்னொன்றும் சொல்லிவைத்துக்கொள்ளுங்கள்.

டிராகன் படகு என்பது சுமார் 12 மீட்டர் நீளம். முன்னால் டிராகன் தலை, பின்னால் வால். வரிசைக்கு இருவராக 20 பேர் துடுப்புப் போடுவார்கள். முன்னால் அணியைப் பார்த்தபடி முரசுக்காரர் ஒருவர், பின்னால் நின்று திசை திருப்புபவர் ஒருவர், ஆக 22 பேர். 10 பேர் துடுப்புப் போடும் சின்னப் படகும் உண்டு. தூரம் 200 மீட்டர், 500 மீட்டர், 1000 மீட்டர், 2000 மீட்டர் என்று போகும். 200 மீட்டர் பந்தயம் ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடும்.

கேமராவுக்குச் சிக்கல் இங்கேயே தொடங்குகிறது. கரையில் நின்று எடுத்தால் எல்லாப் படகும் ஒன்றை ஒன்று மறைக்கும். யார் முன்னால் என்று தெரியாது. கிட்டப் போய் எடுத்தால் தண்ணீர்ச் சிதறலும் தோள்களும்தான் தெரியும். மேலிருந்து எடுத்தால் பந்தயம் புரியும், ஆனால் முகம் தெரியாது. விளையாட்டுச் செய்திக்கு ஒரு முகம் வேண்டும். கிரிக்கெட்டில் சதம் அடித்தவர் இருக்கிறார், கால்பந்தில் கோல் போட்டவர் இருக்கிறார். படகில் இருபது பேரும் ஒரே மாதிரி குனிந்து ஒரே மாதிரி நிமிர்கிறார்கள். யாராவது தனியாகத் தெரிந்தால் அந்த அணி தோற்கப்போகிறது என்று அர்த்தம். அதனால் கேமரா முரசுக்காரர் மேல் போய் நிற்கிறது. 'முரசின் தாளத்துக்கேற்பத் துடுப்புகள் பாய்ந்தன' என்று கீழே எழுதுகிறார்கள். அனுபவப்பட்ட பல அணிகளில் நடப்பது நேர்மாறு. முன்வரிசையில் இருக்கும் இருவர்தான் வேகத்தை வைக்கிறார்கள். அவர்கள் வீச்சைப் பார்த்துத்தான் முரசு அடிபடுகிறது. அந்த இருவர் பெயரும் செய்தியில் வராது.

இரண்டாவது காரணம், இந்தப் போட்டி பிறந்த விதம். டிராகன் படகு ஓட்டுவது சீனத்தில் மிகப் பழைய வழக்கம். சீன நாள்காட்டியில் ஐந்தாம் மாதம் ஐந்தாம் நாள், ஆற்றில் மூழ்கி இறந்த சூ யுவான் என்ற கவிஞரை நினைத்துப் படகு விடுவார்கள். ஆனால் பல நாட்டு அணிகள் மோதும் இன்றைய விளையாட்டு 1976இல் ஹாங்காங்கில் தொடங்கியது. அதைத் தூக்கிவிட்டது அந்த ஊர்ச் சுற்றுலாச் சங்கம். உள்ளூர் மீனவர் அணிகளோடு போட்டியிட ஜப்பானின் நாகசாகியிலிருந்து ஓர் அணி வந்தது. சர்வதேச டிராகன் படகுக் கூட்டமைப்பு உருவானது அதற்குப் பிறகு, 1991இல். முதலில் சுற்றுலா, பிறகுதான் சம்மேளனம். எனவே முதல் நாளிலிருந்தே செய்தி விளையாட்டு மேசைக்குப் போகாமல் பண்டிகை மேசைக்குப் போனது. இன்றும் பல கட்டுரைகளில் பாதி இடத்தைக் கவிஞர் கதையே எடுத்துக்கொள்கிறது. யார் ஜெயித்தார் என்பது கடைசிப் பத்தியில் இருக்கும், சில சமயம் அதுவும் இருக்காது. மாப்பிள்ளை பெண் பெயரை விட்டுவிட்டுப் பந்தியை மட்டும் வர்ணிக்கிற கல்யாணச் செய்தி மாதிரி.

அப்படியானால் இந்த விளையாட்டு முதல் பக்கத்துக்கு வந்ததே இல்லையா? வந்திருக்கிறது. எந்த வாசல் வழியாக வந்தது என்பதுதான் கவனிக்க வேண்டியது.

ஒரு வாசல் அரசியல். 2018 ஆகஸ்டில் இந்தோனேசியாவில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில் வடகொரியாவும் தென்கொரியாவும் சேர்ந்து ஒரே பெண்கள் அணியை டிராகன் படகில் இறக்கின. 500 மீட்டரில் சீனாவை அரை வினாடிக்கும் குறைவான இடைவெளியில் முந்தித் தங்கம் வாங்கினார்கள். பெரிய பல்விளையாட்டுப் போட்டி ஒன்றில் ஒன்றுபட்ட கொரிய அணி வென்ற முதல் தங்கம் அது. மேடையில் அவரவர் தேசிய கீதம் ஒலிக்கவில்லை, 'ஆரிராங்' என்ற நாட்டுப்பாடல் ஒலித்தது. உலகம் முழுக்கச் செய்தியானது. ஆனால் சீனாவை எப்படி முந்தினார்கள், எந்த இடத்தில் வேகம் கூட்டினார்கள் என்பதைத் தேடிப் பிடித்துத்தான் படிக்க வேண்டும்.

இன்னொரு வாசல் மருத்துவம். மார்பகப் புற்றுநோய் சிகிச்சை முடிந்த பெண்கள் கைக்கு அதிக வேலை கொடுத்தால் கை வீங்கிவிடும் என்று ஒரு காலத்தில் மருத்துவர்கள் எச்சரிப்பார்கள். அது சரிதானா என்று பார்க்க 1996இல் கனடாவின் வான்கூவரில் டான் மெக்கென்சி என்ற மருத்துவர் அப்படிப்பட்ட 24 பெண்களைக் கூட்டி டிராகன் படகில் ஏற்றினார். வீக்கம் வரவில்லை, உடலும் மனமும் தேறின. இன்று பல நாடுகளில் அப்படிப்பட்ட அணிகள் இருக்கின்றன. நல்ல செய்தி, எழுத வேண்டிய செய்தி. ஆனால் இந்தப் பெண்களும் நேரம் பார்த்துப் பந்தயம் ஓட்டுகிறார்கள் என்பதைப் பலர் எழுதுவதில்லை.

மூன்றாவது வாசல் விபத்து. 2007 நவம்பர் 23 அன்று கம்போடியாவின் புனோம் பென் நகரில் நீர்த் திருவிழாப் பந்தயத்துக்குப் போன சிங்கப்பூர் தேசிய அணியின் படகு கவிழ்ந்து ஐந்து வீரர்கள் இறந்தார்கள். 2018 ஏப்ரலில் சீனாவின் குய்லினில் பயிற்சியின்போது இரண்டு படகுகள் கவிழ்ந்து 17 பேர் போனார்கள். அந்தச் சமயத்தில் உயிர்காப்பு உடுப்பு பற்றி எல்லோரும் எழுதினார்கள். பந்தயத்தை ஒழுங்காகத் தொடர்ந்து எழுதுகிற நிருபர் இருந்தால், உடுப்பில்லாமல் படகு ஏறுகிறார்கள் என்பதை விபத்துக்கு முன்பே எழுதியிருப்பார். செய்தியாளர் தொடர்ந்து வருகிற இடத்தில் நடத்துபவர்களும் கொஞ்சம் கவனமாக இருப்பார்கள்.

இனி நம் பக்கத்துக்கு வருவோம். செங்கோட்டை 1956 நவம்பர் 1 வரை கேரளத்துப் பக்கம் இருந்த ஊர். தென்காசியில் பாலருவி எக்ஸ்பிரஸ் ஏறினால் மலையைத் தாண்டிக் கொல்லம் போய்விடலாம். அங்கே அஷ்டமுடிக் காயலில் குடியரசுத் தலைவர் கோப்பை வள்ளம்களி, அதாவது படகுப் பந்தயம், நடக்கிறது. இன்னும் வடக்கே போனால் ஆலப்புழை, புன்னமடைக் காயல், நேரு கோப்பை. 1952இல் நேரு வந்தபோது வரவேற்புக்காக ஓடிய பந்தயம் அது. ஜெயித்த நடுபாகம் சுண்டனில் உற்சாகமாக ஏறிக்கொண்ட நேரு, பிறகு வெள்ளியில் படகு உருவம் செய்து கோப்பையாக அனுப்பிவைத்தார். நூறு அடிக்கு மேல் நீளமுள்ள படகு, நூறு பேரளவில் ஆட்கள். டிராகன் படகு இதன் முன்னால் தம்பிப் பிள்ளை.

இங்கேயும் பண்டிகை மேசையின் பிடி உண்டு. 2019இல் சச்சின் டெண்டுல்கர் சிறப்பு விருந்தினராக வந்ததால் பந்தயம் கேரளத்துக்கு வெளியேயும் பேசப்பட்டது. ஜெயித்தது யார்? அதே நடுபாகம். 1952இல் நேரு ஏறிய பெயர் 67 ஆண்டு கழித்துக் கோப்பை தூக்கியது. நிருபருக்குக் கிடைத்த வரம் அது.

ஆனால் படகின் பெயரோடு நிற்கிற செய்தி பாதிச் செய்திதான். வள்ளம்களியில் படகு வேறு, துழைகிற, அதாவது துடுப்புப் போடுகிற, கிளப் வேறு. படகு ஒரு கரைக்கு, ஒரு கிராமத்துக்குச் சொந்தம். துழைய வருவது படகு கிளப். 2018இல் பாயிப்பாடு, 2019இல் நடுபாகம், 2022இல் மகாதேவிகாடு காட்டில் தெக்கேதில், 2023இல் வீயபுரம், 2024இல் காரிச்சால் என்று கோப்பை போனது. இடையில் இரண்டு ஆண்டு கொரோனாவால் பந்தயம் இல்லை. படகுப் பெயரை மட்டும் படிப்பவர் ஒவ்வொரு முறையும் புதிய ஆள் ஜெயித்ததாக நினைப்பார். ஐந்து முறையும் துழைந்தது ஒரே அணி: பள்ளாத்துருத்தி படகு கிளப். ஐந்து வெவ்வேறு படகுகளில் தொடர்ந்து ஐந்து கோப்பை. இதைவிடப் பெரிய விளையாட்டுச் செய்தி எது?

2024 பந்தயம் இன்னொரு பாடம். வயநாடு நிலச்சரிவால் ஆகஸ்டிலிருந்து தள்ளிப்போய் செப்டம்பர் 28 அன்று நடந்தது. இறுதியில் காரிச்சால் 4 நிமிடம் 29.785 வினாடி, வீயபுரம் 4 நிமிடம் 29.790 வினாடி. வித்தியாசம் 5 மில்லி வினாடி. அந்த வேகத்தில் கணக்குப் போட்டால் ஏறக்குறைய ஓர் அங்குலம். முறையீடு வந்தது, வாக்குவாதம் வந்தது, நேரம் எப்படி அளக்கப்படுகிறது என்று கேள்வி வந்தது. எந்தப் படகு எந்தத் தடத்தில் ஓடியது என்று ஜனங்கள் டீக்கடைகளில் பேசினார்கள். எண் ஒன்று கைக்குக் கிடைத்ததும் பண்டிகை விளையாட்டாக மாறிவிட்டது. அடுத்த ஆண்டு 2025இல் அதே வீயபுரம், கைனகரி வில்லேஜ் படகு கிளப் துழைய, கோப்பையை எடுத்தது. முந்தைய ஆண்டின் அங்குலக் கணக்கு தெரிந்தவருக்குத்தான் இந்த வெற்றியின் ருசி தெரியும்.

கேரள அரசும் 2019இலேயே சாம்பியன்ஸ் படகு லீக் தொடங்கியது. ஐபிஎல் மாதிரி ஒரே அணிகள் ஊர் ஊராகப் பல பந்தயம் ஓட்டிப் புள்ளி சேர்க்கும். இதை நடத்துவதும் சுற்றுலாத் துறைதான். ஆனாலும் ஒரே அணிகளைத் திரும்பத் திரும்பப் பார்க்கும்போது ரசிகனுக்கு ஞாபகம் சேர்கிறது. விளையாட்டுச் செய்தி பிழைப்பது அந்த ஞாபகத்தில்தான்.

டிராகன் படகுச் செய்தி படிக்கும்போது இன்னொன்றையும் கவனியுங்கள். 'உலக சாம்பியன்' என்று போட்டிருந்தால் எந்த அமைப்பின் சாம்பியன் என்று பாருங்கள். டிராகன் படகுக் கூட்டமைப்பு ஒன்று, சர்வதேச கேனோ கூட்டமைப்பு இன்னொன்று. இரண்டும் தனித்தனியாக உலகப் போட்டி நடத்துகின்றன. போதாததற்கு வயதுப் பிரிவு, ஆண், பெண், கலப்பு, பெரிய படகு, சின்னப் படகு, நாலு தூரம் என்று பிரித்தால் பதக்கம் மலையாகக் குவியும். அதில் எது கடினம், எத்தனை அணி மோதின என்று சொல்லாத செய்தி வெறும் வாழ்த்து போஸ்டர்.

தம்பியிடம் கடைசியாகச் சொன்னது இதுதான். படகுப் போட்டியை எழுத அலங்காரம் வேண்டாம். யார் துடுப்புப் போட்டார்கள், யார் திசை திருப்பினார்கள், எத்தனை நேரம், இரண்டாவது வந்தவருக்கும் இவருக்கும் எவ்வளவு இடைவெளி, காற்று எந்தப் பக்கம் இருந்தது, எல்லோரும் உயிர்காப்பு உடுப்புப் போட்டிருந்தார்களா. இவ்வளவுதான். குளத்தில் ஓடினாலும் காயலில் ஓடினாலும் கேட்க வேண்டியது இதே கேள்விகள்தான். வாசகர்களும் கேட்க வேண்டும். நீங்கள் கேட்கிற வரை ஆசிரியர்கள் பூமாலைப் படத்தைத்தான் போடுவார்கள்.

சாரல் விழாவை நடத்துகிறவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். பரிசுக்கு ஒதுக்குவதில் கொஞ்சம் எடுத்து ஒரு நல்ல ஸ்டாப்வாட்ச் வாங்குங்கள். ஓடிய தூரத்தை அளந்து, ஒவ்வொரு படகின் நேரத்தையும் துழைந்தவர்கள் பெயரையும் ஒரு தாளில் எழுதி நிருபர்களிடம் கொடுங்கள், நகலை அலுவலகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த ஆண்டு ஓடுகிறவர் முறியடிக்க ஒரு நேரம் இருந்தால், அந்தச் செய்தி தானாகவே விளையாட்டுப் பக்கத்துக்குப் போய்ச் சேரும்.