6 கோடி மைலுக்கு அப்பால் ஒரு பிழை

1999 மே 18. பூமியிலிருந்து 6 கோடி மைலுக்கும் அப்பால் போய்க்கொண்டிருந்த டீப் ஸ்பேஸ் 1 விண்கலத்தின் அயனி எஞ்சின் அணைய வேண்டிய நேரம். அணையவில்லை. முந்தைய நாள்தான் கலத்தின் சாவியை நாசா ஒரு மென்பொருளிடம் கொடுத்திருந்தது.

அதன் பெயர் ரிமோட் ஏஜென்ட். வழக்கமாக விண்கலத்துக்கு 'இத்தனை மணிக்கு இதைத் திருப்பு, அதை அணை' என்று தரையிலிருந்து வரிவரியாகக் கட்டளை போகும். ரிமோட் ஏஜென்ட்டுக்கு இலக்கைச் சொன்னால் போதும். திட்டம் போடுவதும், நடத்துவதும், ஏதாவது கெட்டுப்போனால் காரணம் தேடுவதும் அதன் வேலை. நடத்தும் பகுதி எழுதப்பட்ட மொழியை லிஸ்ப் என்ற கணினி மொழிக்குள்ளேயே உருவாக்கியவர் எரான் காட். கலிஃபோர்னியாவில் உள்ள நாசாவின் ஜேபிஎல் ஆய்வகப் பொறியாளர். பின்னாளில் ரான் கேரட் என்று பெயரை மாற்றிக்கொண்டார்.

நடந்தது என்ன? பஸ் ஸ்டாப்பில் ஒருவர் சாலையை எட்டிப் பார்க்கிறார், பஸ் இல்லை. திரும்பிப் போய் பெஞ்சில் உட்காரும் அந்த நொடியில் பஸ் வந்து போய்விடுகிறது. இது தெரியாமல் அவர் காத்திருக்கிறார். நிரலுக்குள் ஒரே நேரத்தில் ஓடும் இழைகளில் ஒன்று இப்படித்தான் ஒரு தகவலைத் தவறவிட்டு உட்கார்ந்துவிட்டது. இன்னொரு இழை இதன் பதிலுக்காகக் காத்திருந்தது. இரண்டும் முடங்கின. தரையில் மாதக்கணக்கில் நடந்த சோதனைகளில் இது ஒருமுறைகூடத் தலைகாட்டவில்லை. வேடிக்கை என்னவென்றால், இதே வகைப் பிழையை நாசாவின் ஏம்ஸ் மையத்தில் ஒரு குழு 1997-லேயே கணித முறையில் கண்டுபிடித்திருந்தது. ஆனால், அது நிரலின் வேறொரு பகுதியில்.

லிஸ்ப்பில் ஒரு வசதி உண்டு. ஓடிக்கொண்டிருக்கும் நிரலை நிறுத்தாமலே அதனிடம் கேள்வி கேட்கலாம், அதுவும் பதில் சொல்லும். ரேடியோ அலை ஒருவழிப் பயணத்துக்கே 5 நிமிடத்துக்கு மேல் எடுத்துக்கொண்டது. இருந்தும் சில மணி நேரத்தில் குழு காரணத்தைப் பிடித்துவிட்டது. மே 21-ல் மறுபடி ஓட விட்டபோது மிச்சமிருந்த இலக்குகளும் நிறைவேறின. அந்த ஆண்டின் சிறந்த மென்பொருள் என்ற நாசா விருதில் ரிமோட் ஏஜென்ட்டுக்கும் பங்கு கிடைத்தது.

விருது வந்தது, ஆனால் லிஸ்ப்புக்கு வாழ்வு வரவில்லை. 2002-ல் கேரட் எழுதியதில் அந்த ஆதங்கம் நன்றாகவே தெரிகிறது. ஜேபிஎல்லில் முன்பு செய்த ராக்கி என்ற சோதனை ரோபோக்களின் கணினியில் லிஸ்ப் ஓட இடம் இருக்கவில்லை. அதனால் அவற்றுக்கென்றே சிறு மொழிகளை வகுத்து, அவற்றை மொழிபெயர்க்கும் கம்பைலர்களைத் தரையில் லிஸ்ப்பில் எழுதினார்கள். அந்த வரிசையின் வாரிசான சோஜர்னர் ஊர்தி 1997-ல் செவ்வாயில் இறங்கியபோது அதில் ஓடியது சி மொழி. தரத்தைப் பார்த்து முடிவெடுக்கவில்லை, கூட்டத்தைப் பார்த்து எடுத்தார்கள் என்பது அவர் குறை. பாதி நியாயம்தான். நாலு பேருக்கு மட்டும் தெரிந்த மொழியில் எழுதிய நிரலைப் பத்து வருடம் கழித்து யார் பழுது பார்ப்பார் என்று மேலாளர் கேட்டால், அதையும் தப்பு என்று சொல்லிவிட முடியாது.

விண்கலத்துக்கு நிரல் எழுதிய கை வேறெங்கும் உதவாது என்று நினைப்பவர்கள் உண்டு. ஆனால், ரிமோட் ஏஜென்ட்டை வடிவமைத்தவர்களில் ஒருவரான பாண்டுரங் நாயக், மும்பை ஐஐடியில் படித்தவர், பிற்பாடு கூகுளில் தேடல் பிரிவின் துணைத் தலைவர் ஆனார். கேரட்டும் 2000-ல் கூகுளுக்குப் போய் ஆட்வேர்ட்ஸ் விளம்பர அமைப்பின் முதல் பதிப்புக்குத் தலைமைப் பொறியாளராக இருந்தார். அது ஜாவாவில் எழுதப்பட்டது.

அங்கேயும் அவர் சும்மா இருக்கவில்லை. லிஸ்ப்பில் ஒரு மாதிரி செய்து காட்டி சக ஊழியர்களைச் சம்மதிக்க வைத்தார். பிறகு பொறியியல் துணைத் தலைவரின் அனுமதி கேட்கப் போனார். கேரட் சொல்ல வாயெடுக்கும் முன்பே எந்த மொழிக்காக வந்திருக்கிறார் என்று அந்தத் துணைத் தலைவர் ஊகிக்கத் தொடங்கினார். இரண்டாவது ஊகம் லிஸ்ப். ஆமாம் என்றதும் முடியவே முடியாது என்று பதில் வந்தது. ஒரு வருடத்தில் கேரட் மறுபடி ஜேபிஎல் போய்ச் சேர்ந்தார்.